மாஞ்சு மொழியில் நாமும் நாங்களும்

அன்புள்ள ஐயா,

சீனாவை ஆண்ட மாஞ்சுக்களின் மொழியிலும் தமிழைப் போல நாம், நாங்கள் என்று இரண்டு சொற்கள் உண்டு என்று படித்தேன். வினை கடைசியில் வருவது, விகுதிகள் ஒட்டிக்கொண்டே போவது எல்லாம் நம் மொழி போலவே இருக்கிறது. மாஞ்சு துங்குசியம் என்ற மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, துங்குசியம் அல்தாய் என்ற பெருங்குடும்பத்தின் கிளை என்கிறார்கள். தமிழுக்கும் அதற்கும் உறவு உண்டா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

படித்தது சரிதான். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் மாஞ்சுவில் 'முசே', விட்டுவிட்டால் 'பே'. முதலில் பார்த்தபோது எனக்கும் மனம் துள்ளியது. 1856இல் கால்டுவெல்லே திராவிட மொழிகளை, அவர் 'சித்தியன்' என்று பெயரிட்டழைத்த வட, நடு ஆசிய மொழிகளின் கூட்டத்தோடு சேர்த்துப் பார்த்தார். துங்குசியமும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. ஆனால் அந்த உறவு பின்னால் நிலைக்கவில்லை. மலாயிலும் கீத்தா, காமி என்று இதே வேறுபாடு உண்டு. அதனால் மலாய் நமக்கு உறவாகிவிடாது. வினை கடைசியில் வரும் மொழிகளும் உலகில் ஏராளம்.

சரி, அல்தாய்? துருக்கியம், மங்கோலியம், துங்குசியம் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது அந்தக் கருத்து. கொரியத்தையும் ஜப்பானியத்தையும் சேர்ப்பவர்களும் உண்டு. எண்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு மாஞ்சுவில் எமு, ஜுவெ, இலான். சைபீரியாவின் இன்னொரு துங்குசிய மொழியான எவென்கியில் உமூன், ஜூர், இலான். உறவு காதிலேயே விழுகிறது. இன்றைய மங்கோலியத்தில் நெக், கோயர், குரவ். துருக்கியில் பிர், இகி, உச். இங்கே அந்த ஒலி இல்லை. 'நான்' என்பதற்கு மாஞ்சுவிலும் மங்கோலியத்திலும் 'பி' என்பதை அல்தாய்க்காரர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் குதிரைக்கு இரண்டிலும் 'மோரின்' என்பது போன்ற ஒற்றுமைகளில் எது பிறப்பால் வந்தது, எது பக்கத்து வீட்டுப் பழக்கத்தில் வந்தது என்று பிரிப்பது மிகக் கடினம். மாஞ்சு எழுத்தே 1599இல் மாஞ்சுக்களின் தலைவர் நூர்ஹாச்சியின் கட்டளைப்படி மங்கோலிய எழுத்திலிருந்து உருவானதுதான். அல்தாயை ஆதரித்து எழுதிய மொழியியலாளர் அலெக்சாந்தர் வோவின் பிறகு அதை மறுப்பவர்களில் முக்கியமானவராக ஆனார். எனக்கும் அந்தப் பக்கம்தான் சரியாகத் தோன்றுகிறது. துங்குசியம் ஒரு தனிக் குடும்பம். ஏறக்குறைய பன்னிரண்டு மொழிகளே கொண்ட சிறிய குடும்பம். ஆவிகளோடு பேசும் பூசாரியைக் குறிக்கும் 'ஷாமன்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்ததும் அதுதான்.

அந்தக் குடும்பத்தின் இன்றைய நிலைதான் என் மனதை அறுக்கிறது. சீனாவில் மாஞ்சு இனத்தவர் ஒரு கோடிக்கு மேல். மாஞ்சுவைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர்களோ, வடகிழக்குச் சீனாவின் சான்ஜியாஸி போன்ற கிராமங்களில் எண்ணிவிடக்கூடிய சில முதியவர்கள். அப்புறம் ஒரு விசித்திரம். 1764இல் மாஞ்சுக்களின் சிங் அரசைச் சேர்ந்த சியன்லுங் பேரரசர் சிபே என்ற இனத்து வீரர்களைக் குடும்பத்தோடு மஞ்சூரியாவிலிருந்து மேற்கே, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, இன்றைய சிஞ்சியாங்கில் உள்ள இலி எல்லையைக் காக்க அனுப்பினார். மாஞ்சுவுக்கு மிக நெருக்கமான அவர்கள் பேச்சு அங்கே பிழைத்துக்கொண்டது. மாஞ்சு எழுத்தைச் சற்றே திருத்தி இன்றும் எழுதுகிறார்கள். சிங் அரசின் மாஞ்சு ஆவணங்களைப் படித்துச் சொல்லும் வேலையில் சிபே அறிஞர்கள் பெரும்பங்கு வகித்திருக்கிறார்கள்.