கட்டளை மென்பொருளை நாமே எழுத வேண்டுமா?

கேள்வி: ஐயா, கல்லூரியில் நண்பர்கள் சேர்ந்து சிறிய சாட்டிலைட் ஒன்றை வடிவமைக்கிறோம். கட்டளை அனுப்பும் மென்பொருளை முதலிலிருந்து நாமே எழுத வேண்டும் என்கிறான் நண்பன். ஏற்கெனவே இருப்பதை எடுத்தால் செலவு குறையும் என்கிறேன் நான். எது சரி?
- மாணவர், காட்பாடி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, தம்பி. ஆனால் செலவு எங்கே குறைகிறது என்று பாருங்கள். எழுதும் செலவு ஒருமுறையோடு போகும். சோதிப்பது, ஆட்களைப் பழக்குவது, ராத்திரி ஷிப்டுக்கு ஆள் போடுவது எல்லாம் சாட்டிலைட் இயங்கும்வரை தொடரும். நான் வேலை பார்த்த தரைநிலையத்தில் இரண்டு சாட்டிலைட்டுக்கு, கட்டளை அனுப்ப இரண்டு விதமான கன்சோல். ஒன்றில் பழகியவர் லீவு போட்டால் மற்றவர் அங்கே உட்கார முடியாது. பணம் கரைவது அங்கேதான்.

அதனால் சாட்டிலைட்டுக்கு சாட்டிலைட் மாறுகிற எதையும் நிரலுக்குள் எழுதாதீர்கள், பட்டியலில் வையுங்கள். ஹீட்டரைப் போடும் கட்டளைக்கு என்ன எண், அனுப்புமுன் எதைச் சரிபார்க்க வேண்டும், போய்ச் சேர்ந்தபின் எந்த டெலிமெட்ரி அளவு (சாட்டிலைட் தன் நிலையைப் பற்றிக் கீழே அனுப்பும் தகவல்) மாற வேண்டும் என்பதெல்லாம் பட்டியலில் இருக்கும். மென்பொருள் அதைப் படித்துக் கட்டளையைக் கட்டி அனுப்பும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் மாடல் மாறினால் பேட்டர்ன்தான் மாறும், தையல் மெஷின் மாறாது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்காஸ்-2000 என்ற தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் இப்படிப்பட்டதுதான். மார்ஸ் எக்ஸ்பிரஸ், ரொசெட்டா ஆகிய இரண்டு விண்கலங்களையும் அதை வைத்தே இயக்கினார்கள்.

சாட்டிலைட்டுக்குள் ஓடும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நாசாவின் கோர் ஃப்ளைட் சிஸ்டத்தைப் பாருங்கள். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தின் எஃப் பிரைமையும் பாருங்கள். 2021-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டரில் ஓடியது அதுதான்.

ஆனால் எடுத்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட், முதல் பயணத்தில், கிளம்பிய 40 நொடிக்குள் சிதறியது. ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரலை அதில் வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அந்த வேகத்தைக் குறிக்கும் எண், நிரல் அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம், ஏரியன் 5 மேலே கிளம்பியபின் அந்த நிரல் பகுதிக்கு வேலையே இல்லை என்பதுதான். ராக்கெட் சுமந்து சென்ற, கிளஸ்டர் என்ற பெயர்கொண்ட நான்கு சாட்டிலைட்டுகளும் அதோடு போயின. ஆகவே உங்களுக்குத் தேவையில்லாத பகுதியை நிறுத்திவிடுங்கள். மீதியை உங்கள் சாட்டிலைட்டின் அளவுகளை வைத்துத் திரும்பச் சோதியுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நண்பருக்கு எழுத ஆசை இருந்தால் நல்லதுதான். உங்கள் பேலோடுக்கான (சாட்டிலைட் எந்த வேலைக்காகப் போகிறதோ அதைச் செய்யும் கருவி) பகுதியை அவர் எழுதட்டும், அது வெளியே எங்கும் ஆயத்தமாகக் கிடைக்காது. நீங்கள் இந்த வாரமே கட்டளைப் பட்டியலைத் தொடங்கிவிடுங்கள்.