பையனை வகுப்பில் கேலி செய்கிறார்கள். 'கண்டுக்காதே' என்று சொன்னால் போதுமா?

ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பையன் திக்கிப் பேசுவதை வகுப்பில் பேசிக்காட்டிச் சிரிக்கிறார்கள், 'கண்டுக்காதே' என்று சொல்லி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. அந்த வயதில் நானும் திக்கினேன்.

காலையில் பெயர் கூப்பிடும் நேரம்தான் எனக்குக் கண்டம். "உள்ளேன் ஐயா"வில் முதல் எழுத்தே தொண்டையில் நின்றுவிடும். எனக்கு முந்தைய பெயர் வரும்போதே கடைசி பெஞ்சில் "உ... உ... உ..." என்று தொடங்கிவிடுவார்கள். ஒருநாள் ஆசிரியரும் சிரித்துவிட்டார். அதன்பிறகு யாருக்கும் பயமில்லை. 'பிள்ளையார் சுழி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை எல்லோரோடும் சேர்ந்து பாடும்போது எனக்குத் திக்காது. திக்குபவர்கள் பலருக்கும் அப்படித்தான், பாடும்போதும் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போதும் வார்த்தை தடையில்லாமல் வரும். அதைப் பார்த்துவிட்டு "நடிக்கிறான்டா" என்றார்கள். கேலியைவிட இதுதான் அதிகம் வலித்தது.

ஞாயிறு சாயங்காலமானால் வயிறு வலிக்கும். கடையில் 'உப்பு' என்று கேட்கத் தயங்கி, வேறு எதையாவது வாங்கி வந்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். பதில் தெரிந்தும் கை தூக்க மாட்டேன். எங்கே திக்கிவிடுமோ என்ற பயமே திக்கலை அதிகமாக்கும். கேலி அந்தப் பயத்துக்குத் தினமும் தீனி போடும். அதனால்தான் 'கண்டுக்காதே' உதவாது. 'நீயே சமாளித்துக்கொள்' என்றுதான் பிள்ளை காதில் விழும்.

வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் வேண்டாம். எட்டாம் வகுப்பில் எனக்கு வந்த தமிழ் ஐயா, பெயர் கூப்பிட்டால் எல்லோரும் கை தூக்கினால் போதும் என்று மாற்றினார். என்னைக் காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. காலைச் சிரிப்பு அதோடு நின்றது. பள்ளியில் காது கொடுக்கவில்லை என்றால், தமிழ்நாட்டில் கல்வி உதவி எண் 14417 இருக்கிறது, குழந்தைகளுக்கான 1098ம் இருக்கிறது. தயங்காமல் கூப்பிடுங்கள்.

அப்புறம், "மெதுவாப் பேசு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று வீட்டில் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.

நான் வீட்டில் எதுவும் சொன்னதில்லை. பரீட்சைத் தாளில் மேலே 'உ' போடுவதை மட்டும் விட்டிருந்தேன். கையெழுத்துக்காகத் தாளை வாங்கிய அம்மா, "ஏன்டா, சுழி போடலையா?" என்றார். அன்றைக்குத்தான் அழுதேன்.