ஆமை அட்டை கடித்தால் மலேரியா மாதிரி காய்ச்சல் வருமா?

கேள்வி: ஏற்காடு அடிவாரத்தில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. லீவு நாளில் என் 11 வயது மகன் தோட்டத்துக் கிணற்றில் குளிப்பான். போன வாரம் கரையேறியபோது கெண்டைக்காலில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. பிடுங்கிப் போட்டோம். ரத்தம் நிற்க ரொம்ப நேரம் ஆனது. அந்தக் கிணற்றில் இரண்டு கருப்பு ஆமைகள் உண்டு; அவற்றின் கழுத்திலும் அட்டை பார்த்திருக்கிறேன். ஆமை ரத்தத்தில் மலேரியா போல ஒரு கிருமி இருக்கிறது, அது அட்டை வழியாகப் பரவும் என்று படித்ததிலிருந்து தூக்கமில்லை. ஆமைகளைப் பிடித்து வெளியே விடச் சொல்கிறார் மாமனார். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் அந்தக் கிருமி உங்கள் மகனுக்கு வராது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

அதன் பெயர் ஹீமோகிரகரைனா. மலேரியா கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். கொசுவும் மனிதனும் சேர்ந்து மலேரியாவை வளர்ப்பதுபோல இதை அட்டையும் ஆமையும் சேர்ந்து வளர்க்கின்றன. ஆமையின் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் இது பெருகும். பிறகு சிவப்பணுக்களுக்குள் புகுந்து, ஆண், பெண் வடிவங்களாக மாறி அப்படியே காத்திருக்கும். அட்டை வந்து ரத்தம் குடித்தால்தான் அடுத்த கட்டம். அட்டையின் குடலில் சிவப்பணுவை விட்டு வெளியே வந்து, ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து கருவாகும். அதிலிருந்து எட்டு எட்டாகப் புதிய கிருமிகள் பிறக்கும். அவை அட்டையின் உடம்புக்குள்ளேயே மேலும் பெருகி, ரத்தம் உறிஞ்சும் குழல் வரை வந்து சேரும். அந்த அட்டை வேறோர் ஆமையைக் கடிக்கும்போது கதை மறுபடி தொடங்கும். கிருமிக்குக் கல்யாணம் நடக்கும் இடம் அட்டை, குடித்தனம் நடத்தும் இடம் ஆமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிணற்றில் இருப்பது நம் ஊர்களில் சாதாரணமாகக் காணும் கருப்பு ஆமையாக இருக்கலாம். இதே இன ஆமையின் ரத்தத்தில் 1904-லேயே இலங்கையில் இந்தக் கிருமியைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். 1910-ல் மியூரியல் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர், ஆமைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறிய அட்டைக்குள் அது எப்படி வளர்கிறது என்று விவரித்தார். கிருமி, அட்டை, ஆமை மூன்றும் ஒன்றுக்கொன்று பழகிப்போனவை. ஆமையின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடையதில் கிடையாது; உடம்புச் சூடும் வேறு. மனிதனுக்கு இந்த நோய் வந்ததாக மருத்துவத்தில் பதிவே இல்லை. ஆமைக்கே பெரும்பாலும் பெரிய தொந்தரவு தெரிவதில்லை.

சரி, அப்படியானால் எதைக் கவனிப்பது? கடித்த இடத்தை. ரத்தம் உறையாமல் இருக்க அட்டை தன் எச்சிலில் ஹிருடின் என்ற பொருளைக் கலந்து விடுகிறது. அதனால்தான் ரத்தம் நிற்க அவ்வளவு நேரம் ஆனது. சில சமயம் மணிக்கணக்கில்கூடக் கசியும். சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும். ஆனால் இனி பிடுங்காதீர்கள். உப்பு போடுவது, தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். தொந்தரவு பட்டால் அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடலாம். அதன் குடலில் வாழும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா புண்ணைச் சீழ் பிடிக்க வைக்கும். நகத்தை அட்டையின் வாய்க்கடியில் மெல்ல நுழைத்து, தோலை ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். இந்த வாரம் புண் சிவந்து, வீங்கி, வலி கூடினால் உடனே காட்டுங்கள். 10 வயதில் போடும் டிடி ஊசி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி) போட்டிருக்கிறானா என்றும் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடுவார்கள்.

இன்னொன்று எனக்கு முக்கியம். அடுத்த ஒரு மாதத்துக்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் "அட்டைக் காய்ச்சல்" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். எலி நடமாட்டமுள்ள தோட்டத் தண்ணீரில் எலிக்காய்ச்சலுக்கு வாய்ப்புண்டு. கண் சிவப்பதும் கெண்டைக்கால் வலியும் அதன் அடையாளங்கள். மலையடிவாரப் புதர்களில் உள்ள உண்ணி போன்ற சிறு பூச்சியால் ஸ்க்ரப் டைபஸ் வரும். அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சூடு போலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகக் கூடியவை, தள்ளிப்போட்டால் ஆபத்தானவை. கிணற்றில் குளித்தான், அட்டை கடித்தது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்புறம், மூக்கில் அடிக்கடி ரத்தம் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குளிக்கும்போது குட்டி அட்டை மூக்குக்குள் போய் ஒட்டிக்கொள்வது உண்டு.

ஆமைகள் கிணற்றிலேயே இருக்கட்டும், மாமனாரிடம் சொல்லுங்கள். அவற்றைப் பிடித்து வெளியே விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆமையிடமிருந்து மனிதனுக்கு உண்மையில் வருவது வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா. அமெரிக்காவில் 1975-ல் சின்ன ஆமைகளை விற்கவே தடை போட்டது இதனால்தான். பையன் ஆமையைத் தொட்டு விளையாடினால், சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகு சாப்பிட உட்காரட்டும்.