வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்த் தோட்டத்து மோட்டாரைச் சொந்தமாகச் செய்த கருவியால் இயக்குவதாகச் சிலர் சொல்கிறார்களே, நிஜமாகவே ஓடுகிறதா, இல்லை படம் காட்டுவதா?

ஓடுகிறது. எங்கள் தோப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. "படம் காட்டுவதா" என்ற அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் இந்த மாதிரிக் கேள்விகளைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிற ஆள் நான்.

நீங்கள் யாரென்று தெரியாது, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. ஊரில் கொஞ்சம் நிலம். எழுபதை நெருங்கும் அப்பா. தண்ணீர் பாய்ச்ச ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் உட்கார்ந்து, ராத்திரி பதினோரு மணிக்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போர்டு வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும், என் பதில் அப்போதும் இதுதான்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. கேரளம் என்றதும் எல்லோரும் மழையையும் படகையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கிழக்கு மூலை காய்ந்த பூமி. தென்னை, நிலக்கடலை, கள். இங்கே இறக்கும் கள்தான் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கு வண்டி வண்டியாகப் போகிறது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தமிழ்நாடு விட வேண்டும், அது ஒரு தனிக்கதை. கால்வாய் எட்டாத எங்கள் தோப்புக்கு போர்வெல்தான் கதி. 5 ஹெச்பி சப்மெர்சிபிள், த்ரீ பேஸ்.

நான் இருப்பது ஜெர்மனியில், நூரம்பெர்கில். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார், ஞாயிறு அங்கே அமைதி நாள். சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை சால்டரிங்தான். அப்படித்தான் சமையலறை மேஜை பட்டறையானது. பால்கனியில் சோலார் பலகை மாட்டியிருக்கிறேன். 2024-இல் இருந்து அங்கே 800 வாட் இன்வெர்ட்டர் வரை பதிவு செய்துவிட்டுச் சாதாரண ப்ளக்கிலேயே சொருகிக்கொள்ளலாம், அதற்கு முன் 600தான். அது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளக்க வாங்கிய எஸ்சிடி-013 என்ற, ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் சிடி கிளாம்ப்தான் பிறகு பயணப் பெட்டியில் ஏறி ஊருக்குப் போனது.

இங்கேயே ஒருவர் குறுக்கே வருவார், தெரியும். "கோயம்புத்தூரில் செல்போன் ஸ்டார்டர் கடையில் கிடைக்கிறதே, மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடுமே, எதற்கு இந்த வேண்டாத வேலை?" ஐயா, எங்களிடம் முதலில் இருந்ததே அதுதான். நல்ல பொருள், குறை சொல்லவில்லை. ஆனால் தோப்பு இருப்பது எல்லையில். அதில் போட்ட சிம் ஒரு நேரம் கேரள டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும், மற்ற நேரம் இரண்டுக்கும் நடுவில் அல்லாடும். முன்பெல்லாம் ரோமிங் என்று காசும் போகும். இப்போது அந்தக் காசுத் தொல்லை இல்லை, அல்லாட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அப்புறம், கூப்பிடக்கூட ஆளில்லாத அந்த சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் வேறு.

அதனால் தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் சிம்மே வேண்டாம் என்று லோரா போட்டேன், சிம்மும் நெட்டும் இல்லாமல் சின்னச் செய்திகளை ரேடியோவில் தூரமாக அனுப்பும் முறை அது. ஒரு கிலோமீட்டர் தூரம்தான், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஆன்டெனா வைத்தால் தாராளமாக எட்டுகிறது. ஜெர்மனியில் வாங்கும் லோரா போர்டு 868 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 867 வரையுள்ள பட்டைதான் வசதி. போர்டை மாற்ற வேண்டியதில்லை, நிரலில் 866 என்று மாற்றினால் போதும். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

தோப்பில் ஸ்டார்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஈஎஸ்பி32, நிரல் எழுதி ஓட்டும் சின்னக் கணினி போர்டு. அதன் ஒரு ரிலே பச்சை பட்டனுக்கு இணையாக (பேரலல்), இன்னொன்று சிவப்பு பட்டனுக்குத் தொடராக (சீரிஸ்). அவ்வளவுதான். பச்சை ரிலே ஒரு விநாடி ஒட்டி விலகினால் மோட்டார் ஓடும், சிவப்பு ரிலே ஒரு விநாடி பிரிந்தால் நிற்கும். என் போர்டு செத்துப் போனாலும் பழைய பட்டன்கள் பழையபடியே வேலை செய்யும். அப்பா கையால் போடலாம், கையால் நிறுத்தலாம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற ஒரு சின்னக் கணினி. ஊர் ஃபைபர் இணைப்பில் நமக்கென்று தனிப் பொது முகவரி கிடைக்காது, பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் நிற்கும். அதனால் வெளியிலிருந்து உள்ளே போக வழியில்லை. அந்தக் கணினி தானே வெளியே வந்து, நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன சர்வரோடு வயர்கார்டு என்ற பாதுகாப்பான தனி வழியில் இணைந்துகொள்கிறது. செய்தி போகும் முறை எம்க்யூடிடி. 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது, அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கென்றே செய்தது. எங்கள் ஊர் இணையத்துக்கு அச்சில் வார்த்த மாதிரி பொருந்துகிறது. அந்தக் கணினியை எஸ்டி கார்டில் ஓட்டாதீர்கள், கரண்ட் போய்ப் போய் வந்தால் கார்டு போய்விடும். சின்ன எஸ்எஸ்டி போடுங்கள், வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சொருகுங்கள். இதற்கு மேல் இந்தப் பகுதியில் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது முக்கியமானது. மோட்டாரை நான் ஜெர்மனியிலிருந்து இயக்குவதில்லை. இயக்க முடியும், இயக்குவதில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவெடுப்பது தோப்பில் இருக்கும் போர்டு. நெட் இல்லாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். நான் பார்ப்பேன், அவ்வளவுதான். நேரக் கணக்கும் போர்டிலேயே, இந்திய நேரத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள், தென்னைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டி, வெப்ப அலை என்றே அறிவித்தார்களே, அப்போது நடந்ததைச் சொல்கிறேன். போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் இழுக்கும் ஆம்பியர் குறையும். தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாதபோது அதற்குப் பாரம் ஏது? அந்த சிடி கிளாம்ப் கணக்கில் எங்கள் மோட்டார் சாதாரணமாக 8 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். 5.5-க்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் நிறுத்திவிடு என்று போர்டில் எழுதியிருந்தேன். அன்று நிறுத்தியது.

நான் வேலைக்குப் போகும் வழியில் சுரங்க ரயிலில் இருந்தேன். நூரம்பெர்கில் 2008 முதல் ஓட்டுநரே இல்லாத சுரங்க ரயில் ஓடுகிறது, ஜனங்கள் அதில் ஏறித் தூங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் நின்றுகொண்டிருக்கும்போது அப்பாவிடமிருந்து போன்.

"டேய், உன்ற பொட்டி மோட்டாரை நிறுத்திப்போட்டுது. நான் போட்டா மறுபடி நிறுத்துது."

"தண்ணி இல்லீங்கப்பா, அதான் நிறுத்துது."

"தண்ணி இருக்குதா இல்லியான்னு பொட்டிக்கு எப்படித் தெரியும்? அது போருக்குள்ள எறங்கிப் பாத்துச்சா?"

கேள்வி நியாயம்தான். நான் ஆம்பியர் கணக்கைச் சொல்ல, அவர் போனை வைத்துவிட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார், பெட்டியைக் கழற்றிப் போடச் சொல்லி. இந்த அண்ணன் ஆரம்பத்திலிருந்தே என் பெட்டியை ஒரு மாதிரித்தான் பார்ப்பார். ஊரில் பாதி மோட்டாருக்குக் காயில் கட்டக் கொண்டுபோவது அவர்தான், அதற்காக அவரைச் சந்தேகப்படுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல மனிதர்.

வீடியோ காலில் வந்தார். "ஏனுந் தம்பி, கழட்டிரட்டுமா?" என்றார். "கழட்டுங்கண்ணா, அதுக்கு முன்னால டாங் டெஸ்டர் போட்டு ஒரு தடவை பாத்துருங்க" என்றேன். ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கைக்கருவி அது. ஸ்டார்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு பல்லி, கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்ச்) மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் அதைத் தட்டிவிட்டார். மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஒன்றை மட்டும் விரலால் பிரித்தெடுத்து, அதைச் சுற்றி டெஸ்டரின் வாயைக் கவ்வவிட்டு, பச்சை பட்டனை அழுத்தினார். மூன்றையும் சேர்த்துக் கவ்வினால் எதுவும் காட்டாது, ஒன்றுக்கொன்று கழிந்து போகும். இதை நான் யூடியூபில் கற்றேன், அவர் யாரும் சொல்லாமலே செய்தார். டெஸ்டர் 4.8 காட்டியது. என் போனில் 4.7. கொஞ்ச நேரத்தில் ரிலே டக்கென்று விழுந்து மோட்டார் நின்றது.

அண்ணன் டெஸ்டரைப் பார்த்தார், குழாயின் வாயில் போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "மாமா, இது கரெக்டாத்தான் சொல்லுதுங்க. இப்ப போட்டீங்கன்னா காயில் எரிஞ்சு போயிரும். ராத்திரி தண்ணி ஊறட்டும், காலைல பாத்துக்கலாம்."

நான் ஆயிரம் தடவை சொல்லியும் ஏறாதது, அவர் ஒரு வார்த்தை சொன்னதும் ஏறிவிட்டது. வருத்தமா என்றால், கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் பெட்டி தப்பித்தது, மோட்டாரும் தப்பித்தது. இன்று பக்கத்துத் தோப்புக்காரர்கள் அவரிடம்தான் கேட்கிறார்கள், அவர் என்னிடம் கேட்கிறார். இன்னொரு சிக்கலும் இருந்தது, ரிலே அடிக்கும்போது போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. கான்டாக்டர் காயில் விடும் ஸ்பைக்தான் (திடீரென்று எகிறும் வோல்டேஜ்) காரணம். காயிலுக்குக் குறுக்கே அதை அடக்கும் ஸ்னப்பர் போட்டுச் சரி செய்தோம். அந்த ஸ்னப்பரை வாங்கி மாட்டியதும் அவர்தான்.

ஸ்னப்பர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கோயம்புத்தூர் எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஒரு கடையில் போனில் பாகங்கள் கேட்டால் "கேரளாவுக்கா? வேற ஸ்டேட் பில்லுங்க, கூரியர் லேட் ஆகும்" என்பார்கள். நான் தமிழில் பேசிக்கொண்டிருப்பேன், அவர்கள் "சேட்டா" என்பார்கள். கோவையில் படித்த காலமெல்லாம் இதே கதைதான். பாலக்காடு டவுனுக்குப் போனால் அங்கே நாங்கள் பாண்டி. சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, 1956 நவம்பர் 1-இல் கேரளம் ஆனபோது அதோடு போனது. அதற்காக எங்கள் தாத்தா பேசிய தமிழை நாங்கள் எங்கேயும் கொண்டுபோய் வைத்துவிட்டு வரவில்லை. ஜெர்மனியில் பொங்கல் விழாவுக்குப் போனேன், ஊரைச் சொன்னதும் ஒருவர், "அட, தமிழ் நல்லா பேசறீங்களே!" என்று பாராட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்காவது சொல்ல வேண்டுமே.

அடுத்த பின்னூட்டமும் எனக்குத் தெரியும். "அப்பாவைக் கூட இருந்து பார்க்காமல் பெட்டி மாட்டி விட்டிருக்கிறான்." எழுதுங்கள். முழங்கால் வலியோடு ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு பாம்பு நடமாடும் வரப்பில் மோட்டார் போட நடந்தவர், இப்போது வீட்டில் படுத்துத் தூங்குகிறார். என் கணக்கில் அது போதும். நான் ஊருக்கே திரும்பி வந்துவிட்டால் இன்னும் நல்லது, மறுக்கவில்லை. அது வேறு கேள்வி, அதை யாராவது தனியாகக் கேட்டால் யோசித்துப் பதில் சொல்கிறேன்.

உங்களுக்குச் செய்ய ஆசை இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முதல் விடுமுறையில் ரிலே பக்கமே போகாதீர்கள். சிடி கிளாம்ப் மட்டும் மாட்டி, மோட்டார் எப்போது ஓடுகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று ஒரு கோடைக்காலம் முழுக்கப் பாருங்கள். உங்கள் மோட்டாருக்கு எந்த ஆம்பியரில் நிறுத்த வேண்டும் என்று அதிலிருந்துதான் தெரியும், என் 5.5-ஐ எடுத்துப் போடாதீர்கள். உள்ளே இருப்பது 415 வோல்ட், ஆளைக் கொல்லும், அதனால் உங்கள் ஊர் லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் கையால்தான் மாட்ட வேண்டும். அவரை முதல் நாளிலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள், டீயும் வடையும் வாங்கிக் கொடுங்கள். பெட்டிக்குள் ஒயர் போகும் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்குங்கள், எறும்பும் பல்லியும் நாம் எழுதும் நிரலைப் படித்துவிட்டு வருவதில்லை. லோரா நிரலும் ரிலே ஒயரிங் படமும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். படத்தில் குறிப்புகள் தமிழில்தான் இருக்கும், எலக்ட்ரீஷியன் அண்ணனுக்காக வரைந்தது.