லூடோ டைஸ் இரண்டு, நாலு பேர், மூன்று மணித்தியாலம்: சூப்பர் ஹீரோ மேசை விளையாட்டு, கேள்வி பதில்

சூப்பர் ஹீரோக் கதைகளை வாசிப்பவர்களும் பார்ப்பவர்களும் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். அதே கதையை ஒரு மேசையைச் சுற்றி இருந்து தாங்களே நடத்தலாம் என்பது அவர்களில் பலருக்கு இன்னும் தெரியாது. ஒருவர் நடத்துநர். இடம், சனம், வில்லன் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு ஹீரோ. என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் டைஸ் உருளும். வந்த கேள்விகளையும் பதில்களையும் கீழே தருகிறோம்.

கோப்பாய், உயர்தர மாணவன்: அக்கா, எங்களிட்ட லூடோப் பெட்டியில கிடந்த டைஸ் ரெண்டு மட்டும்தான் கிடக்கு. இருபது பக்க டைஸ் இஞ்ச ஒரு கடையிலயும் இல்லை. எதில தொடங்கிறது?

அந்த இரண்டும் காணும், தம்பி. 2016இல் வெளிவந்த 'மாஸ்க்ஸ்' முழுக்க முழுக்க ஆறு பக்க டைஸ் இரண்டில்தான் ஓடுகிறது. பதின்ம வயது ஹீரோக்களின் கதை அது, உங்கள் வயதுக்குப் பொருந்தும். இரண்டையும் உருட்டிக் கூட்டி, பாத்திரத் தாளில் (உங்கள் ஹீரோவின் திறமைகளை எண்ணாக எழுதிய தாள்) உள்ள எண்ணையும் சேருங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் நினைத்தது நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடுத்து நடப்பதை நடத்துநர் தீர்மானிப்பார்.

இதில் கணக்கு முக்கியம். எண் எதுவும் சேர்க்காமல் உருட்டினால், வரக்கூடிய 36 சேர்க்கைகளில் 15 தோல்வி, 15 விலையோடு வெற்றி, 6 மட்டுமே முழு வெற்றி. +2 உள்ளவருக்கு 6 தோல்வி, 15 விலையோடு வெற்றி, 15 முழு வெற்றி. ஆக, திறமையான ஹீரோவும் பாதிக்குக் கொஞ்சம் குறைந்த தடவைதான் அலுங்காமல் வெல்வார். அந்த 'விலை' என்ன என்று நடத்துநர் முதலே யோசித்து வைக்காவிட்டால், 8 விழுந்த நேரமெல்லாம் மேசை அமைதியாகிவிடும். புது நடத்துநர்கள் தடுமாறுகிற முதல் இடம் இதுதான். ஒரு கொப்பித் தாளில் பத்து விலைகளை எழுதி வைத்திருங்கள்: தெரிந்தவர் ஒருவர் ஹீரோவின் சக்தியைப் பார்த்துவிடுகிறார், காப்பாற்றிய சுவர் வேறு பக்கம் சரிகிறது, வில்லன் ஓட வழி கிடைக்கிறது, இப்படி.

இன்னும் இரண்டு டைஸ் கிடைத்தால் 'ஃபேட் அக்செலரேட்டட்' விளையாடலாம். அதற்கு நாலு சிறப்பு டைஸ் தேவை என்று புத்தகம் சொல்லும். சாதாரண டைஸில் 1, 2 வந்தால் கழித்தல், 3, 4 வந்தால் வெறுமை, 5, 6 வந்தால் கூட்டல் என்று வாசித்தால் அதே விடைதான். 2023இல் வந்த மார்வெல் விளையாட்டுக்கும் ஆறு பக்க டைஸ் மூன்றுதான். ஒன்று வேறு நிறமாக இருக்க வேண்டும், பேனையால் புள்ளி வைத்தாலும் சரி.

இருபது பக்கம் இல்லாமல் முடியவே முடியாது என்றால், 1 முதல் 10 வரை எழுதிய பத்துத் துண்டுகளை ஒரு பையில் போடுங்கள். ஒன்றை எடுத்து, கூடவே ஒரு டைஸை உருட்டுங்கள். டைஸில் 4, 5, 6 வந்தால் எடுத்த எண்ணோடு 10 சேர்க்கவும். 1 முதல் 20 வரை எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு. எடுத்த துண்டைத் திரும்பப் பைக்குள் போட மறந்தால்தான் கணக்குக் கெடும்.

கோண்டாவில்: டைசுக்குப் பதிலா சோழி போடலாமோ?

ஆசை நல்லதுதான், ஆனால் சரிவராது. சோழி வாய் மேலே விழுவதும் முதுகு மேலே விழுவதும் சரிபாதி இல்லை, சோழிக்குச் சோழி வேறுபடும். மேலே சொன்ன 36க்கான கணக்கு அதில் நிற்காது. சோழிகளை ஹீரோ எங்கே நிற்கிறார் என்று காட்ட வையுங்கள், வடிவாக இருக்கும்.

சாவகச்சேரி: நாங்கள் 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைன்ட்ஸ்' விளையாடுறம். ஒரு பெடியன் செய்த ஹீரோ எல்லாரையும் விழுங்குது. மற்ற ஆக்களுக்குச் செய்ய ஒண்டுமில்லை. சண்டையும் ரெண்டு மணித்தியாலம் இழுக்குது.

முதலில் அவருடைய தாளைச் சரிபாருங்கள். பத்தாம் சக்தி மட்டத்தில் (ஹீரோக்கள் எவ்வளவு பலமானவர்கள் என்ற அளவு அது) ஹீரோவைச் செய்ய ஆளுக்கு 150 புள்ளிகள். புள்ளிகளை விட எல்லைகள்தான் சமநிலையைக் காக்கின்றன: தாக்கும் திறனும் அடியின் தரமும் சேர்ந்து 20க்கு மேல் போகக் கூடாது, விலகலும் உடல் உறுதியும் சேர்ந்து 20, நோய்தாங்கலும் மனவுறுதியும் சேர்ந்து 20. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத் தெரியாமல் தாண்டியிருப்பார். சண்டை போடத் தேவையில்லை, எல்லாத் தாள்களையும் மேசையில் விரித்து எல்லோருமாகக் கூட்டிப் பாருங்கள்.

எல்லைக்குள் இருந்தும் விழுங்குகிறார் என்றால் பிழை தாளில் இல்லை, காட்சியில். அடிபாடு மட்டும் நடக்கும் காட்சியில் அடிப்பவர்தான் ராசா. ஒரே நேரத்தில் பூட்டைத் திறக்கவும், பயந்த பிள்ளையைச் சமாதானப்படுத்தவும், எந்திரத்தை நிறுத்தவும் ஆள் தேவைப்பட்டால் எல்லோருக்கும் வேலை வரும்.

இழுபடுவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. இந்த விளையாட்டு இருபது பக்க டைஸில் ஓடுகிறது. பத்தாம் தர அடியைத் தாங்க டைஸும் உடல் உறுதியும் சேர்ந்து 25 வர வேண்டும். உடல் உறுதி 10 உள்ளவர் டைஸில் 15 முதல் 20 வரை எடுத்தால்தான் தப்புவார். தப்பாவிட்டாலும் பெரும்பாலும் உடனே விழமாட்டார், அடுத்தடுத்த தடவை தாங்க உருட்டும்போது ஒவ்வொன்றாகக் குறையும். சமபலமான இரண்டு பேர் நின்ற இடத்தில் நின்று அடித்தால் அது தேய்ந்து தேய்ந்துதான் முடியும். அதனால் வில்லனோடு ஆறு எடுபிடிகளைப் போடுங்கள். எடுபிடி ஒரு தரம் தவறினாலே விழுந்துவிடுவான், கை வேகமாக ஓடும். வில்லனுக்கு வெல்வதை விட வேறொரு நோக்கம் கொடுங்கள்: பொருளை எடுத்ததும் ஓடுகிறான். ஹீரோப் புள்ளிகளையும் (அந்த 150 வேறு, இவை விளையாடும்போது கிடைப்பவை) செலவழிக்கச் சொல்லுங்கள். ஒரு புள்ளியைக் கொடுத்துத் திரும்ப உருட்டும்போது 1 முதல் 10 வரை வந்தால் 10 சேரும், ஆகவே 11க்குக் குறைய வராது. புதியவர்கள் இதை உண்டியல் போலச் சேர்த்து வைக்கிறார்கள். கதை முடியும்போது மிச்சம் ஒன்றுக்கும் உதவாது.

திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி: முதல் தரம் நடத்தப் போறன் அக்கா. நாலு பேர், மூண்டு மணித்தியாலம். எப்பிடிப் பிரிக்கிறது?

பின்னேரம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியுங்கள், தூரத்து ஆக்களுக்கு பஸ் இருக்கும். விளையாட்டு என்னவென்று சொல்ல 15 நிமிடம். விதிகளை வாசிக்க வேண்டாம், ஒரு தரம் உருட்டிக் காட்டினால் விளங்கும். ஹீரோவைத் தெரிவு செய்ய 20 நிமிடம். முதல் நாளில் வெறுந்தாளிலிருந்து ஹீரோ செய்ய விட்டால் அதிலேயே பொழுது போய்விடும். நீங்களே ஆறு பேரைச் செய்து கொண்டுபோய், நாலு பேருக்கும் பெயரும் ஒரு பலவீனமும் மட்டும் போடச் சொல்லுங்கள். ஆறு ஏனென்றால், கடைசியாக எடுப்பவருக்கும் தெரிவு இருக்க வேண்டும். பிறகு முதல் காட்சி 45 நிமிடம், தேத்தண்ணி 10, துப்புத் தேடல் 30, கடைசி மோதல் 45, முடிவும் கதையும் 15.

முதல் காட்சி மீட்பாக இருக்கட்டும், சண்டை வேண்டாம். இரும்பை இழுக்கும் எந்திரம் ஒன்று திருநெல்வேலிச் சந்தையில் திடீரென்று இயங்குகிறது என்று வையுங்கள். தராசு, சைக்கிள், கத்தி எல்லாம் காற்றில். தண்ணீர்த் தாங்கியின் கால் வளைகிறது. பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று சந்தியை நோக்கி வருகிறது. கடையொன்றின் இரும்புக் கதவு பிதுங்கி உள்ளே சனம் மாட்டுப்பட்டுவிட்டது. நாலு ஹீரோ, மூன்று ஆபத்து, எல்லாம் ஒரே நிமிடத்தில். எங்கே போவது என்று அவர்கள் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிய கணத்தில் விளையாட்டு தொடங்கிவிட்டது. ஹீரோ பஸ்ஸைத் தூக்குவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸைத் தூக்கும் நேரத்தில் யாரை விட்டுவிட்டு வந்தார் என்பதில்தான் மேசை மூச்சுப் பிடிக்கும்.

மூன்று ஆபத்தும் 25 நிமிடத்தில் தீர்ந்தால் அந்த எந்திரத்தின் ஒரு துண்டைக் காணோம் என்று சொல்லித் துப்புக்கு நகருங்கள். 45 தாண்டினால் ஒன்றை நீங்களே முடித்துவையுங்கள். கட்டமும் அளவும் போட்ட வரைபடம் தேவையில்லை: சந்தை, வீதி, கூரை, வானம் என்று நாலு தாளில் எழுதி விரித்து, சோடாமூடிகளை நகர்த்தினால் போதும்.

உரும்பிராய், ஒரு தாய்: பிள்ளை, மகள் இதுக்குப் போகக் கேக்கிறாள். டைஸ் உருட்டுறது எண்டால் சூது மாதிரியெல்லோ?

கேட்டது நல்லது, அம்மா. இதில் காசு வைப்பதில்லை, வென்றவர் தோற்றவர் என்றும் இல்லை; எல்லோரும் ஒரே பக்கம். பரமபதத்தில் காய் நகர்த்த உருட்டுவது போலத்தான், இதில் கதை நகர்கிறது. எங்கே, எத்தனை மணிக்கு முடியும், யார் நடத்துகிறார், மற்ற நாலு பேரும் என்ன வயது என்று கேளுங்கள். இதற்கு உடனே பதில் சொல்ல முடியாத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். முதல் நாள் நீங்களும் வந்து பக்கத்தில் இருக்கலாம். அதை மறுக்கும் நடத்துநர் எனக்கும் சரிவராது.

ஊர்காவற்துறை: எங்கட ஊரில நடக்கிற கதை எண்டால் போரும் வருமெல்லோ? வைக்கலாமோ?

கேட்காமல் வைக்கக் கூடாது. மற்ற ஊர்களின் கதைகளில் குண்டு விழுவதும் நகரம் எரிவதும் வெறும் பின்னணி. இங்கே அப்படி இல்லை. 1981இல் நூலகம் எரிந்த நகரம் இது; வில்லன் நூலகத்துக்குத் தீ வைக்கிறான் என்று ஒரு நடத்துநர் யோசிக்காமல் சொன்னால், மேசையில் ஒருவருக்கு அது கதையாக இராது. தீவுப்பகுதி ஆக்கள் இருக்கும் மேசையில், ஆயுதம் ஏந்தியவர்கள் படகில் ஏறும் காட்சியையும் விடுங்கள். 1985 மே 15இல் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். விளையாடுவதற்கு முன் ஆளுக்கொரு சிறு தாள் கொடுங்கள். 'கதையில் வரவே கூடாதவை', 'வரலாம், ஆனால் விவரிக்க வேண்டாம்' என்று இரண்டு நிரல். பெயர் எழுத வேண்டாம். நடத்துநர் எல்லாவற்றையும் ஒன்றாக வாசித்து, காரணம் கேட்காமல் ஏற்க வேண்டும். செல்லடி, இடப்பெயர்வு, காணாமல் போனோர், கடல் விபத்து ஆகியவற்றை நடத்துநர் தானாகவே முதல் நிரலில் எழுதி வைக்கட்டும். எல்லோரும் விரும்பினால் எடுத்துவிடலாம். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை இருக்கட்டும். யார் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே வெட்டுப்படும், விளக்கம் தேவையில்லை. தொட யாருக்கும் கூச்சம் வரும், ஆகவே ஒரு சின்ன விசயத்துக்கு நடத்துநரே முதலில் தொட்டுக் காட்ட வேண்டும்.

போரைப் பற்றியே கதை செய்ய ஒரு குழு மனம் ஒத்து விரும்பினால் செய்யலாம், அது பெரிய வேலை. புதியவர்களை வைத்து முதல் நாளில் செய்யாதீர்கள்.

நல்லூர்: வட்சப்பில போட்டம், முகநூலில போட்டம். 'சுப்பர்' எண்டு கனபேர் போடினம், ஒருத்தரும் வருகினமில்லை.

விளம்பரத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். 'ரோல்பிளேயிங் விளையாட்டு, ஆர்வமுள்ளோர் தொடர்புகொள்க' என்றால் வாசிப்பவருக்குத் தான் என்ன செய்யப் போகிறார் என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்: 'நீங்கள் ஒரு சூப்பர் ஹீரோ. திருநெல்வேலிச் சந்தையில் பஸ் ஒன்று பிரேக் இல்லாமல் வருகிறது. என்ன செய்வீர்கள்?' அதன் கீழே நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், நாலு இருக்கை மட்டும், தமிழில் நடக்கும், முன்பு விளையாடியிருக்கத் தேவையில்லை, கட்டணம் இல்லை. முடியும் நேரத்தை விடக் கூடாது; வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி அதுதான். நாலு பேருக்கு ஆறு பேரைப் பதியுங்கள், விளையாட்டுக்கு முந்திய நாள் இரவு ஆளாளுக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். குழுச் செய்திக்கு யாரும் தன்னை அழைத்ததாக நினைப்பதில்லை.

நாளும் முக்கியம். உயர்தரப் பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம், நல்லூர்த் திருவிழாவின் 25 நாள், இரண்டையும் விடுங்கள். ஞாயிறு காலை ரியூசன், பின்னேரம்தான் ஆள் கிடைக்கும். சித்திரக்கதை, அனிமே விரும்பிகள் கூடும் இடத்தில் 30 நிமிட மாதிரி மேசை ஒன்று போடுங்கள்: ஒரு ஆபத்து, ஆளுக்கு மூன்று உருட்டு, முடிவு. சுற்றி நின்று பார்ப்பவர்கள்தான் அடுத்த கிழமை ஆக்கள், ஆகவே நின்று பார்க்க இடம் விட்டு மேசையைப் போடுங்கள்.

சுவரொட்டியில் மார்வெல், டிசி படங்களை ஒட்ட வேண்டாம், அவை மற்றவர்களின் சொத்து. கீறத் தெரிந்த பிள்ளை ஒன்றிடம் பனைமரத்துக்கு மேலே பறக்கும் உங்கள் சொந்த ஹீரோவைக் கீறுவியுங்கள். சனம் திரும்பிப் பார்ப்பதும் அதைத்தான்.

பருத்தித்துறை: விதியெல்லாம் இங்கிலீசில கிடக்கு. தமிழாக்கிப் போட்டோக்கொப்பி அடிச்சுக் குடுக்கலாமோ?

விளையாட்டைப் பொறுத்தது. 'ஃபேட்' விதிகளின் மூலவாசகம் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. ஆக்கியோரை உரியபடி குறிப்பிட்டால் மொழிபெயர்க்கலாம், பகிரலாம். மற்றப் புத்தகங்களைக் கொப்பி அடித்துக் கொடுக்காதீர்கள். உங்கள் மேசைக்கு ஒரு பக்கக் குறிப்பைச் சொந்தச் சொற்களில் எழுதுவதே போதும்.

சொல் தெரிவில் அகராதியை விட வாயை நம்புங்கள். 'மாஸ்க்ஸ்' விளையாட்டின் ஐந்து உணர்வு நிலைகளைப் பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு, தாழ்வுணர்வு என்று தாளில் போடலாம். மேசையில் 'எனக்குப் பயம் பிடிச்சிட்டுது' என்று ஒருவர் சொன்னாலே விதி நடந்துவிட்டது. ஹீரோக்கள் வீட்டில் கதைப்பது போலக் கதைக்கட்டும். வில்லனுக்கு மட்டும் நாட்டுக்கூத்து அரசன் போல நீட்டி ஒரு தமிழ் கொடுத்துப் பாருங்கள், யார் பேசுகிறார் என்று சொல்லாமலே விளங்கும்.

மானிப்பாய்: முதல் நாள் எல்லாருக்கும் பிடிக்குது. மூண்டாம் கிழமை ரெண்டு பேர்தான் வருகினம்.

முடிவில்லாத கதைக்கு அழைத்தால் அப்படித்தான் ஆகும். நாலு அமர்வு என்று முதலே சொல்லுங்கள், இரண்டு கிழமைக்கு ஒரு தரம். ஒவ்வொரு அமர்வும் சித்திரக்கதையின் ஒரு இதழ் போல அன்றே ஒரு ஆபத்தை முடிக்க வேண்டும். வில்லனின் பெரிய திட்டம் மட்டும் நாலிலும் ஓடட்டும். வராதவரின் ஹீரோ அன்று வேறு ஊரில் வேலையாக இருக்கிறார், அவ்வளவுதான். அவரைத் தண்டிக்கவும் வேண்டாம், நடத்துநர் அவருக்காக விளையாடவும் வேண்டாம். இரண்டு பேர் வந்தாலும் நடத்துங்கள், ஆபத்தை ஒன்றாகக் குறையுங்கள். மூன்றாம் அமர்வில் ஒருவரிடம் 'அடுத்த தொடரை நீ நடத்திறியோ?' என்று கேட்டு, உங்கள் குறிப்புக் கொப்பியைக் கையில் கொடுத்துவிடுங்கள்.