கேஸை உள்ள விட்டு எண்ணெய் எடுக்கிற கதை

கேள்வி: என் மவன் கல்ஃப்ல எண்ணெய்க் கிணத்துல வேலை பாக்கான். போன வாரம் வீடியோ கால்ல "கிணத்துக்குள்ள கேஸை அடிச்சு விடுதோம்மா"ங்கான். இங்க ஒரு சிலிண்டருக்கு நாங்க நாயா அலையுதோம், அங்க மண்ணுக்குள்ள விடுதாவளா? (வாசகி, குளச்சல்)

பதில்: அக்கா, வீணா விடல. மவன்கிட்ட அது வெடிப்பு விட்ட சுண்ணாம்புப் பாறையான்னு ஒரு வார்த்தை கேளுங்க, ஆமான்னா விஷயம் இதாக்கும். எண்ணெய் கீழ குளம் மாதிரி கிடக்காது, பாறைக்குள்ள இருக்கிற பொடிப்பொடி துளையில ஊறிக் கிடக்கும், வெடிப்பெல்லாம் சும்மா ரோடு மாதிரி. ரோட்டுல கிடந்தது சட்டுனு வந்துரும், பாறைக்குள்ள இருக்கிறது வராது. தண்ணி அடிச்சுத் தள்ளலாம்னா அது வெடிப்பு வழியாவே ஓடிரும், அதுவும் இந்தப் பாறைல பலது எண்ணெய்ல பழகின தோசைக்கல் மாதிரி, தண்ணியை உள்ள விடாது. அதனால மேல இருந்து கேஸை விட்டு வெடிப்பை நிரப்புவாங்க. கேஸ் லேசு, எண்ணெய் கனம், அப்போ எண்ணெய் தன் பாரத்துலயே பாறையை விட்டு மெதுவா கீழ வடியும்.

நனைஞ்ச கைலியைக் கொடியில போட்டுப் பாருங்க, மேல வடிஞ்சாலும் கீழ் ஓரத்துல நாலு விரக்கடை ஈரம் நிக்கும்ல? அதையே கைக்குட்டை கைக்குட்டையா கிழிச்சுத் தொங்கவிட்டா ஒவ்வொண்ணுலயும் ஓரம் ஈரமா நிக்கும், மொத்தத்துல வடியிறது கம்மி. பாறையும் அப்படித்தான், உயரமான துண்டா இருந்தா நல்லா வடியும், நொறுங்கிக் கிடந்தா ஓரத்துலயே தங்கிரும். கார்பன் டை ஆக்சைடு மாதிரி எண்ணெய்ல கரையிற கேஸ்னா எண்ணெய் உப்பி இளகும், ஓரத்துல அப்படிப் பிடிச்சு நிக்கிறதும் குறையும்.

மெக்சிகோவுல கான்டரெல்னு ஒரு எண்ணெய் வயல், கடலுக்கடியில, 1976ல கண்டுபிடிச்சது. பேரு யாரோடதுன்னு நினைக்கீங்க, நம்மாளு மாதிரி ஒரு மீன்பிடிக்காரரோடது! வலையில எண்ணெய் அப்புதுன்னு போய்ச் சொன்னவரு அவருதான். அங்க 2000ல இருந்து காத்துல இருந்து பிரிச்ச நைட்ரஜனை தினமும் 120 கோடி கன அடி அளவுக்கு அடிச்சாங்க, 2004ல உற்பத்தி நாளைக்கு 21 லட்சம் பேரலாச்சு. ஆனா எண்ணெயை வேகமா உறிஞ்ச உறிஞ்ச மேல இருந்த கேஸ் மட்டம் கிணத்துக் குழாய் கீழ எண்ணெயை உறிஞ்சுற இடம் வரைக்கும் இறங்கிருச்சு, அஞ்சு வருஷத்துல உற்பத்தி பாதிக்கும் கீழ. அவசரப்பட்டா கேஸ்தான் வரும் அக்கா, எண்ணெய் வராது. மவன் "மெதுவா எடுக்கச் சொல்லுதாவ"ன்னு அலுத்துக்கிட்டா காரணம் இதான்.

கேள்வி: அப்போ நம்ம ஊர் மலைப் பாறைக்குள்ள எண்ணெய் கிடைக்குமா? (வாசகர், தக்கலை)

பதில்: கிடைக்காது தம்பி. இது பூமிக்கடியில வெந்து இறுகின கல்லு, எண்ணெய் ஊற துளையும் கிடையாது, எண்ணெயாகுற சங்கதியும் அதுல இல்ல. இதை உடைச்சு லாரியில ஏத்தி கேரளாவுக்கு அனுப்புறாங்களே, அம்புட்டுதான்.