ஒரு கல்லில் நாலு மாங்காய்

கேள்வி: கால்பந்துக்கென்று தனி அரங்கம் எதற்கு? சுற்றிலும் ஓடுதளம் போட்டு, தடகளம், கச்சேரி என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாகக் கட்டினால் செலவு மிச்சம்தானே?

பதில்: அப்படிப்பட்ட அரங்கத்தில் கோலுக்குப் பின்னால் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறீர்களா? சரி, கணக்குப் போடுவோம். 400 மீட்டர் ஓடுதளத்தின் உள்பக்கம், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சுமார் 157 மீட்டர். கால்பந்துத் திடலின் நீளம் 105. மிச்சத்தைப் பாதியாக்கினால், ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் 26 மீட்டர் வெற்றிடம். அதையும் தாண்டி எட்டு ஓடுபாதைகளுக்கு 10 மீட்டர். ஆக, முதல் வரிசைக்காரருக்கே கோல் வலை 36 மீட்டர் தள்ளி! பந்து உள்ளே போனதா, பக்கவலையில் பட்டதா என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்க வேண்டியதுதான். பாவம், அவருக்கும் தெரியாது.

பின்னால் இத்தனை தாராளம் என்றால், மூலையில் கஞ்சத்தனம். கார்னர் கொடிக்கும் ஓடுதளத்துக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கார்னர் கிக் எடுப்பவர் நாலடி பின்னால் போய் ஓடிவர நினைத்தால், அவர் காலடியில் இருப்பது புல் அல்ல, ரப்பர். இன்னொரு நாள் தடகளத்தில் எறியும் 7.26 கிலோ சங்கிலிக் குண்டு திடலின் புல்லில் வந்து விழுந்து குழி பறிக்கும். கச்சேரி என்றால் அதன்மேல் பலகை பரப்பி மூச்சை அடைப்பார்கள்.

1990 உலகக் கோப்பைக்காக இத்தாலியின் டூரின் நகரில் ஓடுதளத்தோடு ஒரு பிரம்மாண்ட அரங்கம் கட்டினார்கள். ஆட்டம் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. இருபது வருடம்கூடத் தாங்கவில்லை, இடித்தாயிற்று. அதே இடத்தில் யுவென்டஸ் கிளப் 2011-இல் திறந்த அரங்கம் அளவில் ரொம்பச் சின்னது, ஓடுதளமும் கிடையாது.

நாலு மாங்காய் விழவே விழாது என்று சொல்லவில்லை. மான்செஸ்டரில் 2002 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டும்போதே, முடிந்தபின் அதில் யார் ஆடப்போகிறார்கள் என்று முடிவாகிவிட்டது. போட்டி முடிந்ததும் ஓடுதளத்தைப் பெயர்த்து, தரையைத் தோண்டி, கீழே இன்னொரு அடுக்கு இருக்கை போட்டு, 2003-இல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து கிளப் குடியேறியது. தடகளக்காரர்களை விரட்டிவிட்டார்களா என்று கேட்பீர்கள். இல்லை, போட்டியின்போது உடம்பைச் சூடேற்றிக்கொள்ளப் பக்கத்திலேயே போட்டிருந்த ஓடுதளத்தைச் சின்ன அரங்கமாக அவர்களுக்கே விட்டுவிட்டார்கள்.